மன்னிப்புக் கேட்கச் செல்லும் முன்: மும்பைக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் இருவருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டால் அதைத் தீர்த்து வைக்க மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார். தாய்மாமனோ பெரியப்பாவோ திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரையும் நான்கு வார்த்தை திட்டுவார், இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள், அடுத்த கோயில் கொடைக்கு ஒன்றாக நிற்பார்கள். பெரும்பாலும் "மன்னித்துவிடு" என்ற சொல்லே யார் வாயிலிருந்தும் வந்திருக்காது. ஒரு கிண்ணம் மீன்குழம்பு அடுத்த வீட்டுக்குப் போகும். கிண்ணம் வெறுமையாகத் திரும்பாமல் இரண்டு முருங்கைக்காயோ ஒரு பிடி கருவேப்பிலையோ அதில் வந்தால், சண்டை முடிந்தது என்று பொருள்.

மும்பையில் அந்த ஏற்பாடு இல்லை. பத்துக்குப் பத்து அறையில் நான்கு மாவட்டத்து ஆட்கள் ஐந்து பேர் படுத்து எழுந்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, நாளைக்கு ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நம்மால் புண்பட்டவர் அடுத்த மாதம் பையைத் தூக்கிக்கொண்டு பாண்டூப்புக்கோ டோம்பிவிலிக்கோ போய்விடுவார், தொலைபேசி எண்ணையும் மாற்றிவிடுவார், பிறகு நாம் தேடினாலும் கிடைக்கமாட்டார். எனவே ஊரில் பெரியவர்கள் நமக்காகச் செய்து வைத்த வேலையை இங்கே நாமே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் 1995ஆம் ஆண்டு தாராவிக்கு வந்தவன். வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பெரிய தவறு செய்தவன். கீழே சொல்லும் முறையை அந்தத் தவறின் வழியாகத்தான் கற்றேன் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதற்படி: செய்ததை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

யாரிடமும் பேசப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் செய்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தின் எழுவாய் "நான்" என்று இருக்க வேண்டும். வினைச்சொல் நீங்கள் செய்த செயலைச் சொல்ல வேண்டும். இது எளிதாகத் தோன்றும், எழுத உட்கார்ந்தால் கை நகராது. ஏனென்றால் தமிழில் தவறு செய்தவர் ஒளிந்துகொள்ள இடம் நிறைய உண்டு. "தாமதமாகிவிட்டது", "வாய் தவறி வந்துவிட்டது", "சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது" என்று சொல்லும்போது எல்லாம் தானாக நடந்தவை போலவும், நாமும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் போலவும் ஆகிவிடுகிறது. இவற்றையெல்லாம்விட மோசமானது "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்பது. அந்தக் கடைசி "ஆல்" என்ற விகுதி, புண்பட்டதா இல்லையா என்ற சந்தேகத்தைக் கிளப்பி, புண்பட்டவர் மேலேயே பழியைத் திருப்பி வைத்துவிடும்.

1996ஆம் ஆண்டு என் அறையில் நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். தோல் பட்டறையில் வேலை. காலையில் போனால் இரவு பத்து மணிக்குத்தான் வருவார். அஞ்சலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவரால் போக முடியாது என்பதால், ஊரில் அவருடைய அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்வதற்காக 2000 ரூபாயையும் நிரப்பிய மணியார்டர் படிவத்தையும் என்னிடம் கொடுத்தார். அன்று மாலைக்குள் முன்பணம் கொடுத்தால் நல்ல வேலை வாங்கித் தருவதாக ஒரு தரகர் என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணாச்சியின் பணத்தை அவரிடம் கொடுத்தேன். தரகர் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. மூன்று வாரம் நான் அண்ணாச்சியிடம், "மணியார்டர் மெதுவாகத்தான் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்த இரவில் என் மனத்தில் இருந்த வாக்கியம், "அண்ணாச்சி, பணம் அனுப்ப முடியாமல் போய்விட்டது" என்பதுதான். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் நானும் இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது: "உங்கள் அம்மாவுக்கு அனுப்பக் கொடுத்த 2000 ரூபாயை நான் எடுத்து என் வேலைக்காக ஒரு தரகரிடம் கொடுத்தேன், அதை மறைக்க மூன்று வாரம் உங்களிடம் பொய் சொன்னேன்." பணத்தை எடுத்தது ஒரு தவறு, பொய் சொன்னது இன்னொரு தவறு என்பதே, எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எழுதுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காம்தேவியில் லேபர்னம் சாலையில் மணி பவன் என்ற வீடு இருக்கிறது. 1917 முதல் 1934 வரை காந்தி மும்பைக்கு வரும்போதெல்லாம் தங்கிய வீடு, இப்போது அருங்காட்சியகம். புதிதாக வந்தவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். காந்தி தம் பதினைந்தாம் வயதில், அண்ணன் பட்ட 25 ரூபாய் அளவிலான கடனைத் தீர்ப்பதற்காக அந்த அண்ணனுடைய தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். பிறகு தாங்க முடியாமல், நேரில் சொல்லத் துணிவும் இல்லாமல், ஒரு தாளில் எழுதி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், தக்க தண்டனை தரும்படி கேட்டார், தம் தவற்றுக்காகத் தந்தை தம்மைத் தாமே வருத்திக்கொள்ள வேண்டாம் என்று வேண்டினார், இனித் திருடமாட்டேன் என்று உறுதியளித்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் தாளை நனைத்தது, தாளைக் கிழித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். வாய் திறக்க முடியாதவர்கள் கடிதம் எழுதலாம் என்பதற்கும், கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. கவனித்துப் பாருங்கள்: அந்தத் தாளில் மன்னிப்பை விடத் தண்டனையைத்தான் அவர் கேட்டார்.

இரண்டாம் படி: எவ்வளவு கடன் என்று கணக்குப் பாருங்கள்

பணமாக இருந்தால் கணக்கு எளிது. பெயரைக் கெடுத்திருந்தால் கணக்கு கடினம். அறையில் நான்கு பேர் முன்னிலையில் ஒருவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால், அவரைத் தனியே அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்பது பாதிக் கடனைக்கூட அடைக்காது. அந்த நான்கு பேரும் மறுபடி கூடியிருக்கும்போது, "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் வேறு அறைக்குப் போயிருந்தால் அங்கே போய்ச் சொல்ல வேண்டும். எங்கே அழுக்கைக் கொட்டினோமோ அங்கேதான் கூட்டிப் பெருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்கு வழியைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். புதன்கிழமை மாஹிம் தேவாலயத்து நவநாள் வழிபாட்டுக்குப் போவார்கள், செவ்வாய்க்கிழமை சித்திவிநாயகர் கோயிலில் வரிசையில் நிற்பார்கள், உண்டியலில் பணம் போடுவார்கள். பணத்தை இழந்தவர் மட்டும் அதே அறையில் அப்படியே இருப்பார். வழிபாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சமயங்களே இதை ஏற்றுக்கொள்வதில்லை. பாவமன்னிப்புக்கு இஸ்லாமிய அறிஞர்கள் சொல்லும் நிபந்தனைகள் தவற்றை விடுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகியவை. இன்னொரு மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை அவரிடம் திருப்பித் தருவதும் அவற்றோடு சேர்ந்துவிடும். யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை அவர்களுடைய பெரிய நோன்பு நாள்கூடத் தீர்க்காது, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தினால்தான் தீரும் என்கிறது. உண்டியலில் போட்ட பணம் அண்ணாச்சியின் கணக்கில் வரவாகாது.

திருப்பித் தர இப்போது கையில் பணம் இல்லையென்றால் எப்போது, எவ்வளவு தவணையாகத் தருவீர்கள் என்பதையாவது முடிவு செய்துகொண்டு போங்கள். நான் அன்று 900 ரூபாய் சம்பளம் வாங்கினேன். மாதம் 200 என்று முடிவு செய்தேன். 300 என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் இரண்டாம் மாதமே தவறியிருப்பேன், மறுபடி ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாம் படி: இடம், நேரம், மொழி

காலை நேரத்தில் கேட்காதீர்கள். குழாயில் தண்ணீர் வரும் அரை மணி நேரத்திலும், விரார் வண்டியைப் பிடிக்க ஓடும் நேரத்திலும் யாருக்கும் எதையும் மனத்தில் வாங்கிக்கொள்ள முடியாது. மற்றவர்கள் இருக்கும் அறையில் கேட்டால், பார்ப்பவர்களுக்காகவே அவர் "சரி விடு" என்று சொல்லிவிடுவார், அது மன்னிப்பாகாது. நான்கு பேர் முன்னால் செய்த அவமானத்துக்கு மட்டும்தான் நான்கு பேர் முன்னால் பேச்சு, மற்றதெல்லாம் தனியே. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவிலோ, தாதர் சிவாஜி பார்க்கைச் சுற்றியுள்ள கட்டைச் சுவரிலோ, மெரின் டிரைவிலோ உட்கார்ந்தால் ஒருவரையொருவர் முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டு பேசுவது, நம் ஆட்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட எளிதாக வருகிறது.

வாட்ஸ்அப்பில் கை கூப்பும் படத்தை அனுப்பிவிட்டு நீல நிறக் குறி வந்துவிட்டது என்று நிம்மதியடைபவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். சந்திக்க நேரம் கேட்பதற்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த வீட்டுக்காரர் மராட்டியரோ குஜராத்தியரோ உத்தரப் பிரதேசத்துக்காரரோ ஆக இருக்கலாம். புதிதாக வந்தவர்கள் முதலில் கற்கும் இந்திச் சொற்களில் ஒன்று "மாஃப் கரோ". இங்கே பிச்சை கேட்பவரிடம் இல்லை என்று சொல்லி நகர்த்துவதற்கும் இதே சொல்தான் பயன்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாடியிலிருந்து நீங்கள் கொட்டிய தண்ணீரில் நனைந்து நிற்கும் பெரியவரிடம் அதை வெடுக்கென்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "மாஃப் கீஜியே" என்று மரியாதையோடு சொல்லுங்கள். தமிழில் "ஆகிவிட்டது" என்று ஒளிந்துகொள்வதைப் போலவே இந்தியில் "கல்தி ஹோ கயீ" என்று ஒளிந்துகொள்ளலாம்; "மைனே கல்தி கீ" என்றால்தான் செய்தவர் நான் என்று வரும். மராட்டியிலும் "சூக் ஜாலி" என்றால் தவறு நடந்தது. "மீ சூக் கேலி" என்றால் தவறு செய்தேன். உச்சரிப்புத் தடுமாறினாலும் பரவாயில்லை. உடைந்த மராட்டியில் ஒரு தமிழர் "மீ சூக் கேலி, மாஃப் கரா" என்று சொன்னதைக் கேட்டு, எட்டு மாதம் பேசாமல் இருந்த ஒரு பாட்டி அவருடைய மனைவிக்குத் தம் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டதை எங்கள் சாலில், அதாவது வரிசை வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் குடியிருப்பில், பார்த்திருக்கிறேன்.

தயங்குபவர்களுக்கு இந்த நகரத்தின் நாள்காட்டியும் உதவும். நாம் பொங்கல் வைக்கும் நாளையொட்டி மராட்டியர்கள் எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைக் கையில் கொடுத்து, "திள்குள் க்யா, கோட் கோட் போலா" என்பார்கள். எள்ளுருண்டையை எடுத்துக்கொண்டு இனிமையாகப் பேசுங்கள் என்று பொருள். பேச்சு நின்றுபோன வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அந்த உருண்டை ஒரு நல்ல காரணம். சமணர்களில் சுவேதாம்பரர்கள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை ஒட்டி வரும் பர்யுஷண் நோன்பின் எட்டாம் நாளில், தெரிந்தவர்கள் எல்லாரிடமும் "மிச்சாமி துக்கடம்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள். என்னால் நேர்ந்த தீமை பலனற்றுப் போகட்டும் என்பது அந்தப் பிராகிருதச் சொற்களின் கருத்து. முதலாளி தம் கடைப் பையனிடம் கை கூப்பி அதைச் சொல்வதைக் கண்டு நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். இந்த நாள்கள் கதவைத் திறக்கும். உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியம் நீங்கள் முதற்படியில் எழுதியதுதான்.

நான்காம் படி: சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

எழுதிய வாக்கியத்தைச் சொல்லுங்கள். "இது தவறு, உங்களுக்கு இதனால் கஷ்டம் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கிறேன், இப்படித் திருப்பித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு நிறுத்துங்கள். "ஆனால்" என்ற சொல் நாக்கின் நுனிக்கு வரும், விழுங்கிவிடுங்கள். தரகர் ஏமாற்றிய கதை எனக்குப் பெரிய கதைதான். அண்ணாச்சிக்கு அது தேவையில்லை. காரணத்தை அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம், கேட்ட அளவுக்கு மட்டும்.

காலில் விழாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் அதைத்தான் பெரிய பணிவு என்று நினைக்கிறோம். ஒருவர் காலில் விழுந்தால் மற்றவர் பதறிப்போய்த் தூக்கி நிறுத்தியே ஆக வேண்டும். தூக்கிய கையாலேயே மன்னித்ததாகவும் ஆகிவிடும். அவருக்கு யோசிக்க இருந்த நேரத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். அழுகையும் அப்படித்தான். தானாக வந்தால் துடைத்துக்கொள்ளுங்கள், அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

வயதில் சிறியவரிடம் கேட்பது எப்படி என்று பலர் தயங்குகிறார்கள். கணவர் மனைவியிடமும், தந்தை மகளிடமும், மேஸ்திரி கையாளிடமும் கேட்கலாம்; சொற்கள் அவைதான். மகளிடம் கேட்கும்போது "நீங்கள்" என்று மாற வேண்டியதில்லை, வழக்கம்போல "அம்மாடி" என்றே அழைத்து, "நான் உன்னை அடித்தது தவறு" என்று சொன்னால் போதும். அப்பா ஒருமுறை இப்படிச் சொல்லிக் கேட்ட பிள்ளை, பின்னாளில் தன் தவற்றைத் தானே வந்து சொல்லும் என்பதை என் வீட்டில் பார்த்தேன்.

"மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். அண்ணாச்சி நான் சொல்லி முடித்ததும் ஒன்றும் சொல்லவில்லை. உலர்ந்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார், மடித்து முடித்தார், இன்னொரு முறை உதறி மறுபடி மடித்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். அந்த இருட்டில் அவர் ஒரு வார்த்தை திட்டமாட்டாரா என்று நான் ஏங்கினேன். திட்டினாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அதனால்தானோ என்னவோ அவர் திட்டவில்லை.

ஐந்தாம் படி: காத்திருங்கள், தவணையைத் தவறவிடாதீர்கள்

அண்ணாச்சி என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அறையில் சமையல் முறை வைத்துச் செய்வோம். அவர் முறை வரும் நாளில், நான் தாமதமாக வந்தால் என் பங்குச் சோறு தட்டு போட்டு மூடி வைத்திருக்கும். பேச்சு மட்டும் இருக்காது. முதல் தேதி வந்ததும் 200 ரூபாயை அவருடைய தலையணை அருகே வைப்பேன். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் கிழிக்காமல் விட்ட அட்டையின் ஓரத்தில் அவர் ஒரு கோடு போடுவார். பத்துக் கோடுகள் விழ வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடாதவை இரண்டு. முதலாவது, மற்றவர்களிடம் போய், "நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர்தான் இறங்கி வரமாட்டேன் என்கிறார்" என்று சொல்வது. அப்படிச் சொன்னால் கேட்டதெல்லாம் வீணாகும். இரண்டாவது, வருத்தத்திலேயே புரண்டுகொண்டிருப்பது. திருக்குறளின் 655ஆம் குறள், என்ன செய்துவிட்டோம் என்று பின்னால் இரங்கும்படியான செயலைச் செய்யாதே என்று தொடங்குகிறது. செய்துவிட்டால் மறுபடி அத்தகையதைச் செய்யாதிருப்பது நல்லது என்று அதன் பிற்பகுதிக்குப் பொருள் சொல்வதுண்டு. பரிமேலழகரோ, செய்துவிட்டால் பின்னால் இருந்து இரங்கிக்கொண்டிருக்காமை நல்லது என்று கொள்கிறார். எனக்கு இரண்டு பொருளும் வேண்டியிருந்தன. முதல் மாதம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அது அண்ணாச்சிக்கு இன்னொரு பாரமாக இருந்தது என்பதை மூடி வைத்த தட்டைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

எத்தனை முறை கேட்பது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், முதல் முறை மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போய்க் கேள், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே கேள், அதற்கும் அவர் இணங்காவிட்டால் அவரை விட்டுவிடு என்று வகுத்திருக்கிறார். ஏறத்தாழ அந்த அளவு சரியென்றே எனக்குப் படுகிறது. அதற்கு மேல் போனால் தொந்தரவு. முழுமையான திருந்துதல் எது என்பதற்கும் அவர் ஓர் அடையாளம் சொல்கிறார்: அதே தவற்றைச் செய்ய அதே வாய்ப்பு மறுபடி வரும்போது, செய்ய முடிந்தும் செய்யாமல் விலகுவது.

ஏழாவது கோடு விழுந்த மாதத்தில் ஒரு நாள் காலை, அண்ணாச்சி வேலைக்குக் கிளம்பும்போது என் சட்டைப் பையில் எதையோ செருகினார். 500 ரூபாயும் நிரப்பிய மணியார்டர் படிவமும். "தம்பி, மத்தியானத்துக்குள்ள போட்டுரு" என்றார். ரசீதைச் சாயங்காலம் அவர் தலையணையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டார்.

மன்னிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தால்

இதுவரை கேட்பவருக்குச் சொன்னேன். உங்களிடம் ஒருவர் வந்து கேட்டால், உடனே "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். பரவாயில்லாத விஷயமாக இருந்தால் சொல்லுங்கள். உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போது சொன்னால், அது பிறகு குத்தலாகவும் பழிச்சொல்லாகவும் வெளியே வரும். "நீ வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்" என்று சொல்வதில் குறைவு எதுவும் இல்லை.

தமிழில் மன்னிப்பதற்குப் பொறுத்தல் என்றும் பெயர். தூண் கூரையைப் பொறுப்பதும் அந்தச் சொல்தான். மன்னிப்பவர் ஒரு பாரத்தை ஏற்றுக்கொள்கிறார் என்பதைச் சொல்லே காட்டுகிறது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று முடிவு செய்யும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒருவரை மன்னித்த பிறகும் அவரிடம் பணம் கொடுக்காமல் இருக்கலாம், அவரோடு ஒரே அறையில் இருக்க முடியாது என்று சொல்லலாம். அண்ணாச்சி என்னிடம் மறுபடி பணம் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை. கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவர் என்னை மன்னிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருந்திருக்காது.

அடிக்கிற கணவரைப் பொறுத்துக்கொள் என்று இந்த நகரத்திலும் நம் பெண்களுக்குச் சொல்கிறார்கள். அடித்துவிட்டு மறுநாள் பூ வாங்கி வருவதும், அடுத்த வாரம் மறுபடி அடிப்பதும் மன்னிப்புக் கேட்பதன் கணக்கில் சேராது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒன்றாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கவும் பாதுகாப்பு ஆணை பெறவும் நீதிமன்றத்தை நாடலாம். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அடி விழாத இடத்தில் இருந்துகொண்டு யோசித்துக்கொள்ளலாம். யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

கடைசிப் படி: திருப்பித் தர முடியாதவை

பத்தாவது கோடும் விழுந்த பிறகு என் கடன் தீர்ந்தது என்று எண்ணினேன். அந்த வாரம்தான் அண்ணாச்சி ஒன்று சொன்னார். பணம் வராததால் அவருடைய அம்மா மருத்துவமனைத் தேதியைத் தவறவிட்டார். அடுத்த தேதிக்குக் காத்திருந்த இரண்டு மாதத்தில், பார்வை மங்கலாக இருந்ததால் வீட்டுப் படியில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிறகு கண் சரியானது. கை சரியாகக் கூடவில்லை. இதை அவர் அதுவரை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார்.

தவற்றின் விளைவு நமக்குத் தெரிந்த எல்லையோடு நிற்பதில்லை, எனவே, திருப்பித் தந்து முடித்த பிறகும், "என்னால் வேறு ஏதாவது நேர்ந்ததா?" என்று கேளுங்கள். நேர்ந்தது திருப்பித் தர முடியாததாக இருந்தால், பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். இறந்துவிட்டவராக இருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பணம் சார்ந்ததை அவர்களிடம் கொடுங்கள். வேறொருவருக்குத் தானம் செய்து மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்வது அதற்குப் பிறகுதான். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: நீங்கள் போய்ச் சொல்வதால் அவருக்குப் புதிதாக ஒரு துன்பம் வருமென்றால், உங்கள் மனபாரத்தை இறக்குவதற்காக மட்டும் போகாதீர்கள். அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் நான் போனேன்.

இரண்டு இரவு ரயில் பயணம், பிறகு பேருந்து. அந்த அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுவதற்காக இலையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதுவரை பணம் ஏன் வரவில்லை என்று தெரியாது. எழுதி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர்கள் இலையைக் கீழே வைத்தார்கள், என் மகனிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார்கள், சொல்லிவிட்டேன் என்றேன், பணத்தைக் கொடுத்தாயா என்று கேட்டார்கள், கொடுத்தேன் என்றேன். எழுந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துக் காப்பித் தம்ளரோடு வந்தார்கள். வலது கை மணிக்கட்டு திரும்பாததால் இடது கையால் நீட்டினார்கள். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு இடது கையால் எதையும் கொடுக்கமாட்டார்கள். நான் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தக் கைதான்யா வசப்படுது, தப்பா நெனச்சுக்கிடாத" என்றார்கள்.

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.